இருபத்தெட்டு நொடி

நடந்தது இது:

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த ஆரியசாலைத் தியேட்டரில் ஒரு கால்பந்து ஆட்டத்தை உரிய அனுமதி வாங்கி நேரலையாகத் திரையிட்டோம்.

2. கீழே இடம் நிறைந்துவிட்டதால், மாதக்கணக்கில் ஆட்களை உட்கார விடாமல் வைத்திருந்த பால்கனியைத் திறந்துவிட்டோம்.

3. ஆட்டத்தின் இருபத்து மூன்றாம் நிமிடத்தில், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த சாயக்கடையில், அதாவது டீக்கடையில், "கோல்" என்று கத்தினார்கள்.

4. எங்கள் திரையில் அப்போது ஒரு ஆட்டக்காரர் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

5. அரங்கில் இருந்த எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

6. இருபத்தெட்டு நொடி கழித்து எங்கள் திரையிலும் கோல் விழுந்தது. ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.

7. இடைவேளையில் நான் ஒரு முடிவெடுத்தேன். தவறான முடிவு.

கழக்கூட்டம் ஆபீஸில் நம் குழுவில் இந்த மாதம் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்காக இதை எழுதுகிறேன். விளையாட்டு நேரலையைக் கைபேசிக்கும் வீட்டு டிவிக்கும் கொண்டு சேர்ப்பது நம் வேலை. சென்ற வாரக் கூட்டத்தில் உங்களில் ஒருவர், "அரை நிமிஷம் லேட்டானா யாருக்குக்கா தெரியப் போவுது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுக்கு நீளமானது.

இங்கே வருவதற்கு முன் ஆறு வருடம் தியேட்டர் தொழிலில் இருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, டிஜிட்டல் புரொஜெக்டரையும் சர்வரையும் பார்த்துக்கொள்ளும் ஆளாகச் சேர்ந்தேன். ஒரே திரை உள்ள பழைய தியேட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் படம் போடுவோம். ஹோட்டல்களிலும் கட்டிட வேலையிலும் இருக்கும் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள் வருவார்கள். முதலாளி ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பத்துக்காரர். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். டிக்கெட் கவுண்டரில் ஒரு மலையாளி சேச்சி. அவர் என்னிடம் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். நானும் அப்படித்தான் பேசுவேன். இருவருக்கும் எல்லாம் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. ஏழு தலை சேராமல் புரொஜெக்டர் விளக்கைப் போடக்கூடாது. யார் எப்போது வைத்த கணக்கு என்று தெரியாது. காட்சி நேரம் வந்ததும் நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தலைகளை எண்ணுவேன். ஏழு என்றால் புரொஜெக்டர் அறைக்குப் போவேன். ஆறு என்றால் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, கீழே போய்ச் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஒரு ஞாயிறு மதியம் ஆறு பேர்; கீழே இறங்கிப் போனேன். எல்லோரும் ஒரே ஹோட்டலில் வேலை செய்பவர்கள். பரோட்டா போடுகிறவர்தான் அவர்களில் பேச்சுக்காரர்.

"இன்னும் யாரு வருவாக்கா? இந்தப் படத்த சாயங்காலம் ஆறு மணிக்கு டிவில போடுதான்" என்றார்.

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"ரூமுல பதினோரு பேரு. டிவி ஓனர் வீட்ல இருக்கு. நாங்க ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு பாக்கணும். இங்கன்னா கால நீட்டலாம்லா."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "போன்ல பாத்துக்கிடுவோம்டே, வா" என்று எழுந்தார். நான் அவர்களை அனுப்பிவிட வேண்டும். விதி அதுதான். அப்போது சேச்சி கவுண்டரைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "ஞான் ஏழாமத்தெ ஆளு. லைட் போடு மோளே" என்றார். போட்டேன். அந்த ஆறு பேரும் கால் நீட்டிக்கொண்டு படம் பார்த்தார்கள். சேச்சி பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார்.

அன்று செய்தது சரி என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வாரம் ஐந்து பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் நான்கு. சேச்சி ஒருவர்தான். அவரை இரண்டு முறை எண்ண முடியாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு துணி வியாபாரி தியேட்டரைக் கிடங்காக எடுத்துக்கொள்ளக் கேட்டு வந்தார். ஒப்பந்தத் தாள் அண்ணாச்சியின் மேசையில் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் தியேட்டர் இல்லை. சேச்சிக்கும் எனக்கும் இன்னும் நான்கு பேருக்கும் வேலை இல்லை. நான் அவரிடம் போய், டிவி நம்மிடமிருந்து ஆட்களை எடுத்துக்கொள்கிறது, டிவியில் வருவதையே நாம் நாற்பதடித் திரையில் போட்டால் என்ன என்று கேட்டேன். கால்பந்துப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. திருவனந்தபுரத்தில் பாதிச் சுவர்களில் நீலம், மீதிச் சுவர்களில் மஞ்சள். அந்த இரண்டு அணிகளும் மோதும் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு.

அண்ணாச்சி கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தார். "ஜனம் வரும். அது எனக்குத் தெரியும். ஆனா வந்த ஜனம் கடைசி வரைக்கும் இருக்கணும். இருந்துட்டா அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரும். அப்ப நான் இந்தக் கடலாசுல ஒப்பு போடமாட்டேன், மதியா?" என்றார். ஒப்பு என்றால் கையெழுத்து, மதியா என்றால் போதுமா. இந்த ஊரில் தமிழர்களும் அப்படித்தான் சொல்வோம்.

"மதி அண்ணாச்சி" என்றேன்.

நான் பட்டியல் போடுகிறவள் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கும் பதினைந்து விஷயங்கள் கொண்ட பட்டியல் போட்டேன். அதில் நான்காவது, படத்தை எங்கிருந்து எடுப்பது. இரண்டு வழி இருந்தது. ஆபீஸ் அறையில் உள்ளூர் கேபிள் பெட்டி ஒன்று இருந்தது. அதன் படத்தை எங்கள் திரையில் போட்டுப் பார்த்தேன். ஆட்டக்காரர்களுக்கு முகம் இல்லை. பந்து ஒரு வெள்ளைத் தூசி. இன்னொன்று இணையத்தில் வரும் நேரலை. அதைப் போட்டதும் புல் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. ஒரு முன்னெச்சரிக்கையாக, கேபிள் பெட்டியின் வயரையும் புரொஜெக்டர் வரை இழுத்துச் செருகி வைத்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் மாறிக்கொள்ளும்.

சனிக்கிழமை சேச்சி கவுண்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டே என்னைக் கேட்டார். "இன்டர்நெட்டிலா போடுந்நது? அது வைகும் கேட்டோ."

வைகும் என்றால் மலையாளத்தில் தாமதமாகும். காட்சி தாமதமாகத் தொடங்கும் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பழைய தியேட்டர்க்காரர்களுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. "இல்ல சேச்சி, மூணரைக்கு டான்னு தொடங்கிடும்" என்றேன். வரிசையில் ஆள் நின்றுகொண்டிருந்தது. அவர் அடுத்தவருக்கு டிக்கெட் கிழிக்கத் திரும்பிவிட்டார். நான் மேலே போய் என் பட்டியலில் "நேரம்" என்ற வரிக்கு எதிரே டிக் போட்டேன்.

அந்த டிக்கைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். தெரிந்த சொல் என்பதால் அவர் எதைச் சொல்கிறார் என்று கேட்கவில்லை. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நீலச் சட்டைக்காரர்கள் வலது பக்கமும் மஞ்சள் சட்டைக்காரர்கள் இடது பக்கமும் தாங்களே பிரிந்து உட்கார்ந்தார்கள். ஏசி ஓடாத தியேட்டர் என்பதால் பக்கக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தோம். பரோட்டாக்காரரும் அவருடைய ஐந்து பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். "இன்னைக்குத் தலை எண்ண வேண்டாமாக்கா?" என்று கீழேயிருந்து கத்தினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணாச்சி கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். மூன்றரைக்குச் சரியாகத் தொடங்கினேன்.

பிறகு நடந்ததை மேலே வரிசையாகச் சொல்லிவிட்டேன். நீல அணியின் கோல் அது. நீலச் சட்டைக்காரர்கள் கையைத் தூக்கினார்கள், ஆனால் ஏற்கெனவே கேட்ட நகைச்சுவையை இன்னொரு முறை சொல்லும்போது சிரிப்பது போலத்தான் இருந்தது. இடைவேளை வருவதற்குள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போகத் தொடங்கினார்கள். எங்கே போகிறார்கள் என்று மேலே ஜன்னலிலிருந்து பார்த்தேன். சாயக்கடை முன்னால், வெயிலில் நின்றுகொண்டு, சுவரில் மாட்டிய சின்ன டிவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேச்சி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். "ஞான் இன்னலே பறஞ்சதல்லே, வைகும்னு. எங்க வீட்டுல மகன் மொபைல்ல பாக்கும்போ, அடுத்த வீட்டுலதான் ஆதியம் விளி கேக்கும்." அடுத்த வீட்டில்தான் முதலில் கூச்சல் கேட்கும் என்றபோதுதான் எனக்கு அந்தச் சொல் புரிந்தது: தாமதமாவது காட்சி அல்ல, படம். "கேபிள் போடு மோளே. படம் மங்கினா ஆளு க்ஷமிக்கும்."

"அந்தப் படத்த இவ்வளவு பெரிசா போட்டா சிரிப்பாங்க சேச்சி."

"சிரிக்கட்டே. ஒண்ணிச்சு சிரிக்குமில்லே."

ஒன்றாகச் சிரிப்பார்கள் என்றார். பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இடைவேளை முடியப் பத்து நிமிடம். நான் அழுத்தவில்லை. முகம் இல்லாத ஆட்டக்காரர்களை நாற்பதடியில் காட்ட என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. எங்கள் படத்தில் ஒரு குறையும் இல்லை, தொந்தரவு அந்த ஒரு டிவிதான் என்று முடிவு செய்து படியிறங்கித் தெருவைத் தாண்டினேன்.

சாயக்கடைக்காரர் தென்காசி ஆள். வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"டிவிய அணைக்கவா? அணைச்சுட்டு வாரவங்களுக்கு என்னத்தக் காட்ட? வடையவா?"

மஞ்சள் சட்டை போட்ட ஒருவர், "டிக்கெட்டும் எடுத்திட்டு இதும் ஓஃப் ஆக்கினா ஞங்க எங்க போய்க் காணும் மேடம்?" என்றார்.

எங்களுக்குப் படம் இருபத்தெட்டு நொடி பிந்தி வருகிறது என்று விளக்கினேன்.

"கோலு என்ன, பஸ்ஸுலயா வருது?" என்றார் கடைக்காரர்.

"தம்பானூர் டிராஃபிக் பிளாக்குல மாட்டிக்கிட்டிருக்கும்ணே" என்றார் பின்னாலிருந்து பரோட்டாக்காரர். அவரும் அங்கே வந்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் சிரித்தவர்களுக்குப் பின்னால் அண்ணாச்சி கையில் சாயா கிளாஸோடு நின்றிருந்தார்.

அவர் என்னைக் கேட்டார். "அரை நிமிஷம் எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு நின்னா போதுமாம்மா?"

"போதும் அண்ணாச்சி."

"அப்ப பொத்துதோம். கேட்டுக்கிடுங்கப்பா. கோல் விழுந்தா ஒரு சத்தம் வரப்படாது. தியேட்டர்ல கத்துன பொறவுதான் நாம கத்தணும்."

அந்த ஊரில் அண்ணாச்சிக்கு ஒரு மதிப்பு உண்டு. கடைக்காரர் டிவியின் ஒலியை முழுக்கக் குறைத்தார். சிலர் அரங்குக்குத் திரும்பினார்கள். சிலர் அங்கேயே நின்று, வாயைப் பொத்தி ஒத்திகை பார்த்துச் சிரித்தார்கள். நான் பக்கக் கதவில் நின்றுகொண்டேன். அங்கிருந்து ஒரு பக்கம் திரையும் மறுபக்கம் சாயக்கடையும் தெரியும்.

இரண்டாம் பாதியில் இருபத்தைந்து நிமிடம் போயிருக்கும். சாயக்கடையில் எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் வாய்க்குப் போயின. ஒருவர் துண்டைக் கடித்துக்கொண்டார். அண்ணாச்சி இடது கையால் வாயைப் பொத்தியிருந்தார், வலது கையில் கிளாஸ் சரிந்து சாயா ஒழுகியது. கடைக்காரர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றார். ஒரு சத்தமும் இல்லை. நான் திரையைப் பார்த்தேன். மஞ்சள் அணிக்காரர்கள் இன்னும் தங்கள் பாதியிலேயே பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். மூன்று நொடி, நான்கு நொடி அப்படி நினைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு தியேட்டருக்குப் பின்னால் இருந்த வீட்டு மாடியில் கத்தினார்கள். தெருமுனை கிளப்பில் கத்தினார்கள். சாலை என்னும் கடைத்தெருப் பக்கமிருந்து வெடிச் சத்தம் வந்தது. பிறகு எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியவில்லை. எல்லா வீட்டிலும் டிவி இருந்தது. எனக்குத் தெரியாத விஷயமா அது? ஆறு வருடமாக எங்கள் ஆட்களை எடுத்துக்கொண்டவை அந்த டிவிகள்தானே. ஆனாலும் ஒரு சாயக்கடையைச் சரி செய்தால் போதும் என்று போயிருந்தேன்.

இந்த முறை அரங்கில் யாரும் வாசலைப் பார்க்கவில்லை. பால்கனியில் ஒருவர் சாதாரணக் குரலில், "ஆரு அடிச்சது?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் போனைப் பார்த்துப் பெயரைச் சொன்னார். பிறகு அந்தப் பெயருக்குரியவர் எங்கள் திரையில், புல்லின் ஒவ்வொரு இதழும் தெரியும் அழகோடு, ஓடி வந்து கோல் போட்டார். ஒருவர் இருவர் கைதட்டினார்கள்.

சாயக்கடையில் அவர்கள் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நாங்கள் கத்தினால்தான் அவர்கள் கத்தலாம். நாங்கள் கத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கையைக் கீழே இறக்கினார்கள்.

மேலே போய்ப் பொத்தானை அழுத்தினேன். படம் மணலாகியது. சேச்சி சொன்னபடியே சிரித்தார்கள், ஆனால் அதற்குள் கால்வாசிப் பேர்தான் மிச்சம். அந்தப் படத்தோடு கடைசி வரை காத்திருந்தோம். அதற்குப் பிறகு கோலே விழவில்லை.

எல்லோரும் போன பின் அண்ணாச்சி உள்ளே வந்தார். சட்டையில் சாயாக் கறை இருந்தது. "நீ நல்லாத்தான்மா செஞ்ச. படம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு" என்றார். திறந்திருந்த பக்கக் கதவைச் சாத்தினார். "நான் அந்தக் கோல அங்க ஒருக்க பாத்தேன், கதவு வழியா இங்க ஒருக்க பாத்தேன். ரெண்டு தடவையும் கத்தலை."

மறுநாள் காலை கண்ணாடியைத் தூக்கித் தாளை எடுத்து ஒப்புப் போட்டார். சேச்சி என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் நிமிடத்திலிருந்தே கேபிளைப் போட்டிருந்தால் தியேட்டர் தப்பியிருக்குமா என்று கேட்பீர்கள். ஆறுதலுக்காக ஆமாம் என்று சொல்ல மாட்டேன். தப்பியிருக்காது. இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் ஓடியிருக்கும். வீட்டில் இருப்பதைவிட மோசமான படத்தை எத்தனை வாரம் வந்து பார்ப்பார்கள்? டிவியில் வருவதை வைத்து டிவியைத் தோற்கடிக்கும் வழி எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. ஆனால் அன்று ஒரு நாள் அவர்கள் எல்லோரும் ஊரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் கத்தியிருப்பார்கள். அதற்குத்தான் டிக்கெட் எடுத்தார்கள். அதை நான் கொடுக்கவில்லை. தெளிவான படத்தைக் கொடுத்தேன்.

அரை நிமிடம் யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

இப்போது நிலைமை இது. தியேட்டரில் துணிக்கட்டுகள் அடுக்கியிருக்கிறார்கள். திரையைக் கழற்றவில்லை, அதை மறைத்துக் கட்டுகள் நிற்கின்றன. சேச்சி சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறார். பரோட்டாக்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. சாயக்கடையில் பெரிய டிவி வாங்கி மாட்டியிருக்கிறார்கள், கேபிளை வெட்டிவிட்டார்கள், நம் ஆப்தான் ஓடுகிறது. சென்ற ஞாயிறு அங்கே நின்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். தியேட்டரின் பின்வீட்டு மாடியில் கத்தியதற்கும் கடையில் கோல் விழுந்ததற்கும் இடையே இருபத்தொரு நொடி. கடையில் யாரும் கத்தவில்லை.